விசைப்படகின் இன்ஜின் அறைக்கு எல்இடி விளக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பலகை மாற்றுவது, வர்ணம் அடிப்பது, இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பது என்று விசைப்படகுகளின் பராமரிப்பு வேலை முழுக்க அப்போதுதான் நடக்கும். ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி, தூத்துக்குடி உரிமையாளர்கள் பலர் அந்த நாட்களில் மின்சாதனங்கள் வாங்க மதுரைக்கு வருகிறார்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே மாசி வீதிகளில் ஒயர் சுருளோடு நடப்பவர்களில் அவர்களும் உண்டு. லாரி, டிராக்டர், படகு என்று பேட்டரியில் ஓடும் எல்லாவற்றுக்கும் ஒயரிங் செய்யும் மதுரைப் பட்டறை எங்களுடையது. படகுக்காரர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பணத்தை விளக்கின் வாட்டில் கொட்டாதீர்கள். ஒயரிலும் இணைப்பிலும் ஃபியூஸிலும் போடுங்கள்.

பழைய குண்டு பல்பைக் கழற்றிவிட்டு அதே ஹோல்டரில் எல்இடி பல்பை மாட்டினால் போதாதா?

அன்றைக்கு எரியும். எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. விலை மலிவான எல்இடி பல்புக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு சிறிய மின்தடை மட்டுமே இருக்கும். மூன்று எல்இடிகள் வரிசையாகக் கோத்திருந்தால் அவற்றுக்கு ஏறத்தாழ 9.3 வோல்ட் வேண்டும். பேட்டரி 12 வோல்ட்டில் நிற்கும்போது மீதி 2.7 வோல்ட்டை அந்த மின்தடை வாங்கிக்கொள்ளும். ஆனால் இன்ஜின் ஓடி டைனமோ சார்ஜ் ஏற்றத் தொடங்கியதும் லைனில் 14.4 வோல்ட் வரை வரும். அப்போது மின்தடையின் பங்கு 5.1 வோல்ட். அதாவது எல்இடி வழியாகப் பாயும் மின்னோட்டம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பேட்டரியில் சோதித்துப் பார்த்தபோது நன்றாக எரிந்த பல்பு, கடலில் நான்கு இரவு ஓடியதும் மங்கிப்போவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் எல்இடிக்கு ஒரே அளவு மின்னோட்டம் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் உள்ளே இருக்கும் விளக்கைத்தான் வாங்க வேண்டும். பெட்டியில் "10 முதல் 30 வோல்ட் வரை" என்பதுபோல ஓர் எல்லை அச்சிட்டிருந்தால் அந்த வகை. "12 வோல்ட்" என்று மட்டும் போட்டிருந்தால் கடைக்காரரிடம் கேளுங்கள். அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

எங்கள் படகு 24 வோல்ட். அதற்கும் அதே விளக்கு சரிவருமா?

24 வோல்ட் படகில் சார்ஜ் ஏறும்போது 28.8 வோல்ட் வரை வரும். 30 வோல்ட்டோடு நிற்கிற விளக்குக்கு அதற்கு மேல் மூச்சுவிட இடமில்லை. 36 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகப் போட்ட படகுகளில், ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் விளக்குக்கு 12 வோல்ட் இழுக்கும் பழக்கம் உண்டு. அதை விட்டுவிடுங்கள். ஒன்று எப்போதும் குறைசார்ஜிலும் மற்றது மிகைசார்ஜிலும் கிடந்து, இரண்டுமே சீக்கிரம் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் மெயின் ஸ்விட்சை அணைக்கவே கூடாது. சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்த டைனமோவுக்குத் திடீரெனப் பேட்டரி இல்லாமல் போனால், லைனில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் மின்னழுத்தம் பல மடங்கு எகிறும். பழைய குண்டு பல்பு அதைத் தாங்கினாலும் தாங்கும். எல்இடி டிரைவரும் வயர்லெஸ் செட்டும் தாங்குவது சந்தேகம்.

எத்தனை வாட் வேண்டும்?

21 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 460 லூமன் ஒளி தருகிறது. நல்ல எல்இடி அதே ஒளியை 5 வாட்டில் தந்துவிடும். நான்கு பழைய பல்புகள் இருந்த அறைக்கு ஐந்து வாட்டில் நான்கோ ஐந்தோ போதும். 50 வாட் ஃபிளட் லைட் ஒன்றை மேலே தொங்கவிடப் போகிறேன் என்று வருபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஒரே இடத்திலிருந்து வரும் பேரொளி இன்ஜினின் தலையைத்தான் காட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது அதன் கால்மாட்டை.

அப்படியானால் எங்கே பொருத்துவது?

இந்த வேலையில் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான், ஆனால் யாரும் நின்று யோசிப்பதில்லை. இன்ஜின் அறையில் வெளிச்சம் எதற்கு? ஓட்டுநர் எட்டிப் பார்க்கும் அந்த அரை நிமிடத்தில் கோளாறு கண்ணில் பட வேண்டும். டீசல் ஃபில்டரின் அடியில் சொட்டு நிற்கிறதா, கடல் தண்ணீர் பம்பில் கசிவு உண்டா, புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியேறும் கிளாண்டில் தண்ணீர் சொட்டாக விழுகிறதா அல்லது ஓடையாக ஓடுகிறதா, படகின் அடியில் தேங்கிய தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, அதன் மேல் எண்ணெய் மிதக்கிறதா. இவை அத்தனையும் கீழே இருக்கின்றன. கூரையில் நடுவாக மாட்டிய விளக்கு இன்ஜினின் நிழலை இவற்றின் மேலேயே போடுகிறது.

எனவே இன்ஜினின் இரு பக்கச் சுவர்களிலும் இடுப்புயரத்தில் ஒவ்வொன்று, பின்னால் கிளாண்டை நோக்கி ஒன்று, இறங்கும் ஏணியருகில் ஒன்று என்று வைப்பது நல்லது. இறங்குபவரின் கண்ணில் நேராக அடிக்காதபடி சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பொருத்துங்கள். எந்த விளக்கும் சைலன்ஸர் குழாய்க்கு மேலே வரக்கூடாது. ஃபேன் பெல்ட் சுழலும் பாதையில் ஒயர் தொங்கக் கூடாது. திருகுவதற்கு முன் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தடவை இரவில் எரியவிட்டுப் பாருங்கள். எந்த மூலை இருட்டாக இருக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

லாரிக்குப் போடும் எல்இடி விளக்கு மதுரையில் மலிவாகக் கிடைக்கிறது. படகுக்கு ஆகுமா?

சில ஆகும், பல ஆகாது. லாரியில் பேட்டரியின் நெகட்டிவ், வண்டியின் உடலோடு சேர்ந்தது. ஆகவே லாரி விளக்குகள் சிலவற்றில் உலோகக் கூடே நெகட்டிவ். ஒரே ஒயரை இழுத்துவிட்டு மறுமுனைக்குச் சேஸியை நம்புவார்கள். தரையில் அது சரி. படகில் அதே வேலையைச் செய்தால் மின்னோட்டம் இரும்பு உடல் வழியாகவும் ஷாஃப்ட் வழியாகவும் ஈரப் பலகை வழியாகவும் கசியும். உப்புத்தண்ணீரில் நிற்கும் உலோகத்தில் மின்னோட்டம் வெளியேறும் இடம் அரித்துக்கொண்டே போகும். புரொப்பல்லரும் அதன் போல்ட்டுகளும் காரணம் தெரியாமல் தேய்ந்துபோவதாகச் சொல்லப்படும் படகுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

படகில் ஒவ்வொரு விளக்குக்கும் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் தனித்தனி ஒயராகப் பேட்டரிப் பலகைவரை போக வேண்டும். கடையிலேயே சோதிக்கலாம். மல்டி மீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை விளக்கின் உலோகக் கூட்டிலும் மறுமுனையைக் கறுப்பு ஒயரிலும் தொடுங்கள். பீப் சத்தம் வந்தால் அந்த விளக்கை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். சிவப்பு ஒயரிலும் இப்படியே பாருங்கள்.

ஒயர் பழசுதான். ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

மேலே பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு இணைப்பைத் திறந்து பாருங்கள். கறுப்பு டேப்பை உரித்தால் பசை இளகி விரலில் ஒட்டும். அதற்கடியில் முறுக்கிய செம்பு இழைகள் பச்சை பூத்து, நகத்தால் தொட்டாலே மாவாக உதிரும். அங்கிருந்து ஒயரின் உறையைச் சீவிக்கொண்டே போங்கள். செம்பு எந்த இடத்தில் சிவப்பாகப் பளிச்சென்று தெரிகிறதோ அதுவரை வெட்டி எறிய வேண்டியதுதான். பல படகுகளில் ஒரு முழம் வெட்டியும் கறுப்பாகவே வரும். உப்புக்காற்று இழைகளுக்கு நடுவே ஏறிவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் முழு ஒயரையும் மாற்றுங்கள். புது விளக்கை அந்த ஒயரில் மாட்டுவது வீண்செலவு.

புதிதாக வாங்கும்போது வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கேளுங்கள். இழைகள் வெள்ளி நிறத்தில் இருக்கும். விலை கூடுதல்தான். ஆனால் களிம்பு பிடிக்காமல் பல காலம் உழைக்கும். ஒற்றைக் கம்பியாக உள்ள வீட்டு ஒயர் படகுக்கு ஆகாது, அதிர்வில் முறிந்துவிடும். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாமல், லக் என்னும் உலோக முனை வைத்து அழுத்தி, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை, உள்ளே பசையுள்ளதாகப் பார்த்துப் போட்டுச் சூடாக்குங்கள். ஓரத்தில் பசை பிதுங்கி வந்தால் தண்ணீர் புகாது. ஈயம் வைத்துப் பற்றவைத்தது மட்டும் போதாது, பற்றவைத்த இடத்தின் விளிம்பில் ஒயர் விறைத்துப்போய் அதிர்வில் அங்கேயே முறியும்.

தடிமன் பற்றி ஒரு கணக்கு. பேட்டரியிலிருந்து விளக்குவரை 10 மீட்டர் என்றால், போக வர 20 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு அந்த நீளத்தில் ஏறத்தாழ 0.24 ஓம் தடை. பழைய பல்புகள் நான்கும் 7 ஆம்பியர் இழுத்தபோது வழியிலேயே ஏறத்தாழ 1.7 வோல்ட் தொலைந்தது. 12 வோல்ட்டில் ஏழில் ஒரு பங்கு அது. எல்இடிகள் 1.7 ஆம்பியர் மட்டும் இழுத்தால் இழப்பு ஏறத்தாழ 0.4 வோல்ட். ஆகவே எல்இடிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் தாராளம். அதற்கும் மெல்லியதாகப் போனாலும் மின்சாரம் பாயும்தான். ஆனால் இழுபடுவதையும் அதிர்வையும் தாங்காது.

ஃபியூஸ் முன்பு 15 ஆம்பியர். அப்படியே விடலாமா?

விடக்கூடாது. ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்றுவதற்காக இல்லை, ஒயரைக் காப்பாற்றுவதற்காக. எல்இடி விளக்கிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒயர் மிக மெல்லியது. அது உரசித் தேய்ந்து ஷார்ட் ஆனால், 15 ஆம்பியர் ஃபியூஸ் போகும் முன்பே அந்த ஒயர் பழுத்துவிடும். விளக்கு வரிசைக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள், பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். விளக்குகளை இரண்டு வரிசையாகப் பிரித்துத் தனித்தனி ஃபியூஸ், தனித்தனி ஸ்விட்ச் கொடுத்தால் ஒன்று போனாலும் அறை இருளாது.

எல்இடி சூடாகாது என்கிறார்கள். இன்ஜின் அறைச் சூட்டில் என்ன ஆகும்?

சூடாகும். முன்பக்கம் கை வைத்தால் சுடாது, அவ்வளவுதான். சூடெல்லாம் பின்பக்கத் தகட்டுக்குப் போகிறது. அங்கிருந்து காற்றுக்குப் போக வேண்டும். இன்ஜின் ஓடும் அறையில் காற்றே ஐம்பது டிகிரியைத் தாண்டும்போது அந்தச் சூடு எங்கே போகும்? முதலில் அடிவாங்குவது டிரைவர் சர்க்யூட்டிலுள்ள கெபாசிட்டர். பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. பழுதான விளக்கைத் திறந்தால், அந்தச் சிறிய உருளையின் தட்டையான தலை உப்பியிருப்பதைப் பார்க்கலாம். அதில் 105 டிகிரி என்று அச்சிட்டிருப்பது 85 டிகிரி என்றிருப்பதைவிட நல்லது.

வாங்கும்போது அலுமினிய உடல், பின்பக்கம் வரிவரியாகக் குளிர்விக்கும் தகடு, கையில் எடுத்தால் கனம். இந்த மூன்றும் இருக்கட்டும். பிளாஸ்டிக் உடலோடு அதிக வாட் என்றால் சந்தேகப்படுங்கள். பொருத்தும்போது பின்பக்கத்தைப் பலகையோடு ஒட்டவைக்காமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

ஐபி 65, ஐபி 67 என்று போட்டிருக்கிறார்களே, எது?

முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 65 என்றால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். மேலே இருப்பதற்கு 65 போதும், இடுப்புக்குக் கீழே பொருத்துவதற்கு 67. எந்த எண்ணாக இருந்தாலும் ஒயர் உள்ளே நுழையும் இடம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஒயரைக் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்து ஏற்றினால் வழிந்து வரும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

வெள்ளையா, மஞ்சளா?

ஒளியின் நிறத்தைக் கெல்வின் எண்ணால் குறிப்பார்கள். 4000 முதல் 5000 கெல்வின்வரை உள்ள இயல்பான வெள்ளை. 6500 கெல்வினின் நீல வெள்ளையில் டீசலும் தண்ணீரும் எண்ணெயும் ஒரே மாதிரி பளபளக்கும். நிறம் காட்டும் தரத்தைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 80-க்கு மேல் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஆயிலில் தண்ணீர் கலந்தால் அது பால் கலந்த காபி நிறத்துக்கு மாறும். டிப் ஸ்டிக்கை உருவிப் பார்க்கும்போது அந்த நிறம் உடனே தெரிய வேண்டும். இன்ஜின் தப்புவது அந்த ஒரு பார்வையில்தான்.

இருட்டுக்குப் பழகிய கண், பளிச்சென்ற வெளிச்சத்தைக் கண்டால் மறுபடி பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். சுக்கான் பிடிக்கும் அறையிலிருந்து இன்ஜின் அறைக்கு இறங்கும் வழி இருந்தால், ஏணியருகில் சிவப்பு எல்இடி ஒன்றைத் தனி ஸ்விட்சில் வையுங்கள். இரவில் எட்டிப் பார்க்க அது போதும்.

எல்இடி போட்ட பிறகு வயர்லெஸ்ஸில் இரைச்சல். சம்பந்தம் உண்டா?

உண்டு. இதை அலட்சியப்படுத்தவே கூடாது. டிரைவர் சர்க்யூட் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி ஒட்டுகிறது. மலிவான விளக்கில் அந்த இரைச்சலை வடிகட்டும் பாகத்தை விட்டுவிடுவார்கள். அது ஒயர் வழியாகவும் காற்று வழியாகவும் விஎச்எஃப் வயர்லெஸ் செட்டுக்குப் போய்விடும். ஆபத்து அழைப்புக்கான 16-ம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. கப்பல்கள் தம் இருப்பிடத்தைச் சொல்லும் ஏஐஎஸ், 162 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018-லேயே எல்இடி விளக்குகளால் இந்த இரண்டும் கெடுவது பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. தூரத்துப் படகு உதவி கேட்டுக் கூப்பிடும் சத்தம் நம் விளக்கு எழுப்பும் இரைச்சலில் மூழ்கிப்போவதை நினைத்துப் பாருங்கள்.

சோதனை எளிது. எல்லா எல்இடிகளையும் அணையுங்கள். பேச்சு நடக்காத ஒரு சேனலுக்குச் செட்டைத் திருப்பி, இரைச்சலை அடக்கும் ஸ்க்வெல்ச் குமிழை இரைச்சல் கேட்கும்வரை திறந்து, அது அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது விளக்குகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் இரைச்சல் மீண்டும் எழுகிறதோ அதுதான் குற்றவாளி. கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள், மாற்றித் தருவேன் என்று சொன்னால் மட்டும் வாங்குங்கள். விளக்கு ஒயரை ஆன்டெனா ஒயரோடு ஒரே கட்டாகக் கட்ட வேண்டாம்.

இன்வெர்ட்டர் இருக்கிறது. வீட்டில் போடும் 230 வோல்ட் பல்பையே போட்டுவிடலாமே?

வேண்டாம். உப்பு ஈரமும் அதிர்வும் உள்ள குறுகிய அறையில் 230 வோல்ட்டைக் கொண்டுபோய் வைக்க எந்த அவசியமும் இல்லை. 12 அல்லது 24 வோல்ட்டில் தேவையான வெளிச்சம் கிடைக்கும்போது எதற்கு?

டியூப் லைட்டும் தரமற்ற எல்இடியும் இன்வெர்ட்டர் தரும் மாறுமின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த மினுக்கலோடு சுழற்சி ஒத்துப்போனால், ஓடும் பெல்ட் கப்பி நின்றதுபோலத் தோன்றும். நின்றுவிட்டது என்று எண்ணிக் கையை நீட்டிவிட்டால் திரும்பப் பெற முடியாது. மொபைல் கேமராவில் விளக்கைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கு இன்ஜின் அறைக்கு வேண்டாம்.

தீப்பிடிக்கும் ஆபத்து குறையுமா?

பல்பின் சூடு குறைவதால் ஓரளவு குறையும். ஆனால் ஆபத்து பெரும்பாலும் ஸ்விட்சிலும் இணைப்பிலும் இருக்கிறது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் மேலே எழுந்து டெக்கின் அடியில் சேரும். ஆகவே பேட்டரிக்கு நேர் மேலே ஸ்விட்சோ இணைப்போ வைக்காதீர்கள். சமையல் கேஸ் அதற்கு நேர்மாறு: காற்றைவிடக் கனம், கசிந்தால் அடித்தளத்துக்கு இறங்கித் தேங்கும். சிலிண்டர் வைத்திருக்கும் படகில் இன்ஜின் அறை விளக்கின் ஸ்விட்ச் அறைக்கு வெளியே, உயரத்தில் இருக்கட்டும். உள்ளே போய் ஸ்விட்ச் தட்டும் ஏற்பாடு கூடவே கூடாது.

பேட்டரி எவ்வளவு மிச்சமாகும்?

நான்கு 21 வாட் பல்புகள் 12 வோல்ட்டில் 7 ஆம்பியர். நங்கூரம் போட்டு இன்ஜினை நிறுத்திய இரவில் பத்து மணி நேரம் எரிந்தால் 70 ஆம்பியர் மணி. நான்கு 5 வாட் எல்இடிகளுக்கு 17 போதும். விடியலில் செல்ஃப் மோட்டார் முனகாமல் சுற்றும்.

அப்படியே சிவப்பு, பச்சை வழிவிளக்குகளையும் எல்இடியாக மாற்றிவிடலாமா?

அதே கையோடு பல்பை மட்டும் மாற்றக் கூடாது. பக்க விளக்கு 112.5 டிகிரி, பின்விளக்கு 135 டிகிரி, முன் கம்ப விளக்கு 225 டிகிரி கோணத்தில் தெரிய வேண்டும் என்பது 1972-ம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதி. பழைய கூடு பழைய பல்பின் இழை இருக்கும் இடத்தை வைத்து அமைக்கப்பட்டது. எல்இடி பல்பு போட்டால் கோணமும் நிறமும் மாறிவிடும். எல்இடிக்கென்றே சான்று பெற்ற முழு விளக்காக வாங்கிப் பொருத்துங்கள்.

வேலை முடிந்த பிறகு எப்படிச் சரிபார்ப்பது?

ஜூன் 14-க்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக, படகு தண்ணீரில் இறங்கியதும், துறையிலேயே கட்டிவைத்து இன்ஜினை ஓட்டுங்கள். எல்லா விளக்குகளையும் வயர்லெஸ்ஸையும் போட்டு, ஒரு மணி நேரம் ஓடட்டும். வேகத்தை ஏற்றி இறக்கும்போது விளக்கு மினுங்குகிறதா, பேட்டரியில் எத்தனை வோல்ட் வருகிறது, விளக்கின் முனையில் எத்தனை வருகிறது என்று எழுதி வையுங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ ஓர் இணைப்பு சரியில்லை. ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள், சுடுவது எது என்று தெரிந்துவிடும். ஏணியருகில் தனிப் பேட்டரி உள்ள கைவிளக்கு ஒன்றும், ஃபியூஸ் பெட்டியருகில் நான்கைந்து 3 ஆம்பியர் ஃபியூஸ்களும் வைத்துவிட்டுக் கடலுக்குப் போங்கள்.